ஆனையிறவைத் தாண்டிய குழல்

ஒரு சாண் நீளம்கூட இருக்காது. ஒரு பக்கம் ஊமத்தம் பூப்போல விரிந்திருக்கும். மறுபக்கம் நடுவில் துளையிட்ட தட்டையான வட்டம். முதல் தடவை காண்கிற பிள்ளைகள் மண்ணெண்ணெய் ஊற்றுகிற புனல் என்று நினைப்பார்கள். கோயில் மேளம் பார்த்துப் பழகிய பிள்ளையென்றால், நாதஸ்வரத்தின் அணசு கழன்று வந்துவிட்டது என்று சொல்லக்கூடும். மரத்தில் செய்ததும் உண்டு, அலுமினியத்தில் வார்த்ததும் உண்டு, இப்போது பிளாஸ்டிக்கிலும் வருகிறது. எதில் செய்தாலும் உள்ளே ஒன்றும் இல்லை, வெறும் ஓட்டை.

கிளினிக் நாளில் மருத்துவமாது இதை எப்படிப் பாவிக்கிறார் என்று கவனித்துப் பாருங்கள். முதலில் இரண்டு கையாலும் பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றைத் தடவித் தலை எங்கே, முதுகு எந்தப் பக்கம் என்று பிடிக்கிறார். முதுகு பிடிபட்ட இடத்தில் குழலின் அகன்ற வாயை வைத்து, தட்டையான வட்டத்தில் காதை அழுத்துகிறார். பிறகு கையை எடுத்துவிடுகிறார். குழல் வயிற்றுக்கும் காதுக்கும் நடுவில் தானே நிற்கிறது. விடுபட்ட கை தாயின் மணிக்கட்டில் நாடி பார்க்கிறது, தாயின் நாடியைப் பிள்ளையின் துடிப்பென்று மாறி எண்ணிவிடக் கூடாது என்பதற்காக. கண் கைக்கடிகாரத்தில். முழுதாக ஒரு நிமிடம். துடிப்பு 110க்கும் 160க்கும் இடையில் இருந்தால் நல்லது. அந்த ஒரு நிமிடமும் அறையில் எவரும் கதைப்பதில்லை. கூட வந்த மாமியார்கூட.

காது கொடுத்துக் கேட்பது என்று தமிழில் சொல்கிறோமே, அதற்கு இதைவிட நேரான காட்சி வேறு இல்லை.

இந்தக் குழல் பரிஸில் பிறந்தது. மிஷன் டொக்டர்மார் கொண்டுவந்த வைத்தியத்தோடு யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டி வன்னியிலுள்ள மல்லாவி வரைக்கும் வர அதற்குக் கனகாலம் எடுத்தது. கடைசித் தூரம் கூட்டிவந்ததும் மிஷன் அல்ல. மிஷன் கதைகளைப் படிக்கிறபோது நாங்கள் வழக்கமாகத் தவறவிடுகிற இடம் அதுதான்.

தொடக்கத்தில் இருப்பது ஒரு கூச்சம். 1816இல் பரிஸின் நெக்கர் ஆஸ்பத்திரியில் லெனெக் என்ற டொக்டர் நெஞ்சு வருத்தத்தோடு வந்த ஓர் இளம்பெண்ணைப் பார்க்கவேண்டி வந்தது. அந்தக் காலத்தில் நெஞ்சில் நேரே காதை வைத்துத்தான் கேட்பார்கள். பெண்ணுக்கு வயது குறைவு, உடம்பும் பெருத்தது. காது வைக்க மனம் வராமல், கடதாசியைச் சுருட்டிக் குழலாக்கி அதன் வழியே கேட்டார். காதை வைத்ததைவிடத் தெளிவாகக் கேட்டது. ஸ்தெதஸ்கோப் பிறந்தது அப்படி. வெட்கத்தால் பிறந்த கருவி, வெட்கத்தையே பெருஞ்சட்டமாக வைத்திருந்த ஊர்களுக்குப் பின்னாளில் பயணப்பட்டது பொருத்தம்தான்.

ஐந்து வருடம் கழித்து, லெனெக்கோடு பழகிய கெர்கராடெக் என்பவர் அந்தக் குழலை ஒரு கர்ப்பிணியின் வயிற்றில் வைத்தார். அவர் கேட்க நினைத்தது பிள்ளை அசையும்போது பனிக்குடத்துத் தண்ணீர் அலம்புகிற சத்தம். அது கேட்கவில்லை. கேட்டதோ பக்கத்தில் யாரோ வைத்துவிட்டுப்போன கடிகாரம்போல ஒரு விரைவான டிக் டிக். தாயின் நாடியை எண்ணிப் பார்த்தார், ஒத்துவரவில்லை. உள்ளே இன்னொரு இதயம். 1821 மார்கழியில் அவர் இதைப் பரிஸ் மருத்துவ அக்கடமியில் சொன்னார். அதுவரை வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளை உயிரோடு இருக்கிறதா என்று அறிய பெரும்பாலும் இருந்த சாட்சி, அது உதைக்கிறது என்று தாய் சொல்கிற சொல்தான்.

பரிஸிலிருந்து அந்தக் கலை டப்ளினுக்குப் போனது. 1827இல் பெர்கசன் என்பவர் அங்கே பிள்ளையின் துடிப்பைக் கேட்டார். 1833இல் எவரி கென்னடி அதைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அடுத்த வருடம் அதே ஊரில் ஹென்றி மவுன்செல் என்ற டொக்டர் பிரசவ வைத்தியம் பற்றி ஒரு கைநூல் வெளியிட்டார். மவுன்செல் என்ற பெயரை நினைவில் வைத்திருங்கள். அவர் தமிழ் பேசப்போகிறார்.

இன்றைக்கு மருத்துவமாதின் பையில் இருக்கிற வடிவத்தைக் கொடுத்தவர் அடோல்ப் பினார் என்ற பிரெஞ்சு மகப்பேற்று டொக்டர். ஆண்டு 1895. பெண்கள் தொழிற்சாலைகளில் பேறுகாலம் வரை நின்று வேலை செய்த நாட்களில், கடைசி மாதங்களில் அவர்களுக்கு ஓய்வு வேண்டும் என்று வாதாடியவரும் அவர்தான். ஆங்கிலம் பேசுகிற தாதிமார் பெயரின் கடைசி எழுத்தையும் உச்சரித்துப் பினார்ட் குழல் ஆக்கிவிட்டார்கள். அதே 1895இல் கொழும்பில் இன்னொரு புத்தகம் வெளிவந்தது: ஜே. பி. லூயிஸ் என்ற சிவில் உத்தியோகத்தர் எழுதிய வன்னி மாவட்டங்களின் கையேடு. காடும் குளமும் காய்ச்சலுமாய், ஒன்றுக்கொன்று தூரத்தில் சிதறிக் கிடக்கிற சின்னச் சின்னக் கிராமங்கள் அதில் வருகின்றன. குழலும் கையேடும் ஒரே வயது. இரண்டும் சந்திக்க இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது.

இடையில் யாழ்ப்பாணம்.

அமெரிக்க மிஷனின் முதல் டொக்டர் ஜோன் ஸ்கடர் 1820இல் பண்டத்தரிப்பில் வேலையைத் தொடங்கி 1836இல் சென்னைக்குப் போனார். அவருடைய பேத்தி ஐடா ஸ்கடர்தான் பிறகு வேலூரில் பெண்களுக்கான ஆஸ்பத்திரியைக் கட்டியவர். அந்தக் கதை தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரியும் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். குழலின் வழியில் முக்கியமானவர் இன்னொருவர்: சாமுவேல் பிஸ்க் கிறீன். மசச்சூசெற்ஸ் மாநிலத்து வூஸ்டரில் 1822இல் பிறந்தவர், நியூயோர்க்கில் வைத்தியம் படித்தவர், 1847இல் இருபத்தைந்து வயதில் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் குடியிருந்தவர்.

கிறீனைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர் எத்தனை நோயாளரைப் பார்த்தார் என்பதில் தொடங்குவார்கள். எனக்கு அவருடைய பிடிவாதம்தான் பெரிதாகப் படுகிறது. ஆங்கிலத்தில் வைத்தியம் படித்த பொடியன் கிராமத்தில் தங்கமாட்டான், அரசாங்க வேலை தேடிப் போய்விடுவான் என்பதை அவர் சீக்கிரமே கண்டுகொண்டார். மாணவர்கள் ஆங்கிலத்தைத்தான் விரும்பினார்கள், கேட்டால் காரணமும் நியாயமானதுதான். கிறீன் விட்டுக்கொடுக்கவில்லை. 1864இலிருந்து தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். கற்பிக்கப் புத்தகம் வேண்டுமே. அதற்கு முன்பிருந்தே தானும் மாணவர்களுமாக உட்கார்ந்து மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். அங்காதிபாதம், இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம், மனுஷ சுகரணம் என்று அவை வரிசையாக வந்தன. கெமிஸ்தம் என்ற பெயரைப் பார்த்து இப்போது சிரிப்பு வரலாம். சிரிக்கிறவர்கள், இன்றைக்கு இலங்கையில் ஒருவரால் தமிழில் டொக்டருக்குப் படிக்க முடியுமா என்பதற்கும் பதில் சொல்லிவிட்டுச் சிரிக்கட்டும்.

அந்த வரிசையில் மிக முந்தியவற்றில் ஒன்று 1857இல் வந்த பிரசவ வைத்தியம். டப்ளின் மவுன்செலின் கைநூல் அது. சத்திரசிகிச்சை தமிழுக்கு வர 1867 ஆனது, கிறேயின் உடற்கூறு வர 1872 ஆனது. பிள்ளைப்பேறோ அவற்றுக்கெல்லாம் முந்தி அச்சேறியது. இந்த வரிசை தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எந்தப் பெண்கள் செத்துக்கொண்டிருக்கிறார்கள், எதில் செத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்ணால் கண்டவனின் வரிசை அது.

ஆனால் ஒரு பெரிய சிக்கல். புத்தகத்தை வாசிக்கக் கூடியவர்கள் எல்லோரும் ஆண்கள். கிறீன் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்டவர்களும் ஆண்கள். பேறு நடக்கிற அறைக்குள் ஆணுக்கு இடமில்லை. அங்கே இருந்தவர் மருத்துவிச்சி, ஊரின் சாதிக் கட்டில் கீழே வைக்கப்பட்டு, பேறுகாலத்தில் மட்டும் வாசல் திறந்து உள்ளே கூப்பிடப்பட்டவர். எழுத்து அவருக்கு எட்டவிடப்படவில்லை. கை அனுபவம் இருந்தது. வேதுபிடிக்கவும், காயம் அரைத்துக் கொடுக்கவும், துடக்குக் கழியும் வரை தாயை எழும்ப விடாமல் பார்க்கவும் அவருக்குத் தெரியும், அதில் பலதும் தாய்க்கு நன்மையானது. தெரியாதது, கொடி வெட்டுகிற கத்தியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமி. அது அன்று ஐரோப்பாவிலும் பல டொக்டர்மாருக்குத் தெரியாது. ஆக, புத்தகம் திண்ணையில் ஆண்களின் கையில், பேறு உள்ளறையில் பெண்களின் கையில். நடுவில் ஒரு சுவர்.

அந்தச் சுவர் விழ நாற்பத்தொரு வருடம் எடுத்தது. அமெரிக்காவிலிருந்து வந்து மிஷனில் வேலை செய்த மேரி, மார்கரெட் லீச் என்ற சகோதரிகள் இருவரும் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து, அமெரிக்கா என்று அலைந்து பெண்களுக்கென்று தனி ஆஸ்பத்திரிக்குக் காசு சேர்த்தார்கள். 1898இல் இணுவிலில் மக்லியோட் ஆஸ்பத்திரி திறந்தது. டொக்டர் இசபெல்லா கேர், ஒரு பெண். தாதிகளும் பெண்கள். இங்கே வெட்கம் வாசலை மறிக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு தலைமுறைக்கு மேலாக, எங்கே பிறந்தாய் என்று கேட்டால் இணுவில் என்று பதில் வருகிற வீடுகள் எண்ணமுடியாதவை. மெதடிஸ்த மிஷன் புத்தூரில் நடத்திய ஆஸ்பத்திரியும் அதே வேலையைச் செய்தது. அங்கெல்லாம் ஊர்ப் பெட்டைகள் வெள்ளைச் சேலை உடுத்து, வயிற்றில் குழல் வைத்துக் காதால் எண்ணப் பழகினார்கள். குழலைச் செய்தவன் ஆண், தமிழில் புத்தகம் போட்டவன் ஆண், கேட்கப் பழகியவர்கள் இவர்கள்.

இதே காலத்தில் குழல் ஆபிரிக்காவிலும் இறங்கிக்கொண்டிருந்தது. உகண்டாவில் ஆங்கிலிக்கன் மிஷன் டொக்டர் அல்பேர்ட் குக் 1897இல் மெங்கோ ஆஸ்பத்திரியைத் தொடங்கினார். மானிப்பாய், இணுவில் கதையின் கறுப்பு வெள்ளைப் பிரதி மாதிரி. அவருடைய மனைவி கதரீன் ஒரு தாதி. 1920களின் தொடக்கத்தில் அங்கே மருத்துவிச்சிகளைப் பயிற்றும் பள்ளியை உருவாக்கி, பயின்ற பெண்களைக் கிராமங்களுக்கு அனுப்பியவர் அவர். இன்றும் கிழக்கு ஆபிரிக்காவின் கிராமத்து மகப்பேற்று அறைகளில் இந்தக் குழல் தொங்குகிறது.

உகண்டாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் கதை மிஷன்காரர் பக்கமே சாய்ந்துவிடும். குக்குக்கு முன்பு, 1879இல், ராபர்ட் பெல்கின் என்ற மிஷன் மருத்துவ ஊழியர் புன்யோரோ ராச்சியத்தில் ஒரு காட்சியைப் பார்த்தார். உள்ளூர் வைத்தியர் ஒருவர் பேறு முடியாத பெண்ணுக்கு வாழைப்பழக் கள் கொடுத்து மயக்கி, தன் கையையும் அவள் வயிற்றையும் அதே கள்ளால் கழுவி, வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தார். இரத்தக் குழாய்களைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் தொட்டார். காயத்தை இரும்பு ஊசிகளால் பொருத்தி, வேர் அரைத்துப் பூசினார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஐரோப்பாவில் அந்த நாளில் வயிறு கீறிய பெண்கள் பெரும்பாலும் செத்துப்போனார்கள். கற்பிக்கப் போனவர் வாய் திறக்காமல் நின்று பார்த்துவிட்டு, படத்தோடு எழுதி எடின்பரோவில் வெளியிட்டார். மிஷன் வரலாற்றில் எனக்குப் பிடித்த டொக்டர்களில் அவரும் ஒருவர், அன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு நின்றதற்காகவே.

சரி, ஆனையிறவு.

மானிப்பாய், இணுவில், புத்தூர் என்று குடாநாட்டுக்குள் கட்டிடங்கள் எழுந்தன. அந்த அளவில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரி பெருநிலப்பரப்பில் எழவில்லை. காரணம் விளங்காததல்ல. குடாநாட்டில் ஊரோடு ஊர் ஒட்டியிருக்கும், பள்ளிக்கூடம் வைத்தால் பிள்ளைகள் நிறைவார்கள். வன்னியில் ஒரு குளத்துக்கும் அடுத்த குளத்துக்கும் நடுவில் காடு. எல்லாவற்றுக்கும் மேலே மலேரியா. மிஷன் தன் கணக்கைப் பார்த்தது, குறை சொல்ல முடியாது. ஆனால் மலேரியா நாட்டில்தான் பிள்ளைத்தாய்ச்சிக்கு ஆபத்துக் கூட. காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து இரத்தத்தைக் குடித்துவிடும். வெளிறிப்போன தாய்க்குப் பிள்ளை பிறந்தபின் சாதாரணமாகப் போகிற இரத்தமே காலனாகிவிடும். அந்த ஆபத்தைக் குழலால் கேட்க முடியாது. குழலுக்குக் கேட்பது பிள்ளை மட்டும். தாயைக் கொல்கிறவை இரத்தப்போக்கும், கிருமிக் காய்ச்சலும், இரத்த அழுத்தம் ஏறி வருகிற வலிப்பும். அவை மூன்றும் சத்தமில்லாதவை.

அப்படியானால் குழலால் என்ன பயன்? அது ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் பயன். பிள்ளையின் துடிப்பைக் கேட்க ஒரு பெண் சைக்கிளில் வீட்டுக்கு வந்தால், அவள் கண்ணிமையைக் கீழே இழுத்து வெளிறியிருக்கிறதா என்றும் பார்ப்பாள். காலில் வீக்கம் இருக்கிறதா என்று அமத்திப் பார்ப்பாள். இரும்புச்சத்துக் குளிசையை விழுங்கினாயா அல்லது கூரையில் செருகினாயா என்று கேட்பாள்.

அந்தப் பெண்ணை வன்னிக்கு அனுப்பியது அரசாங்கம். 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறை மெல்ல மெல்ல நாடெங்கும் பரவியது. அதன் அடித்தட்டில் கிராமத்துக்குக் கிராமம் ஒரு மருத்துவமாது, இப்போதைய பெயரில் குடும்பநல உத்தியோகத்தர், சனம் வாயில் மிஸ். ஒருவருக்கு மூவாயிரத்திலிருந்து ஐயாயிரம் பேர். 1940களின் நடுவில் டிடிரி பூச்சிமருந்து வந்து மலேரியா அடங்கத் தொடங்கியது. 1950களில் வவுனிக்குளம் திருத்தப்பட்டு அதன் கீழே காணி கொடுத்துக் குடியேற்றங்கள் வந்தன. மல்லாவியும் யோகபுரமும் சுற்றியுள்ள ஊர்களும் அப்படி நிரம்பியவை. குடாநாட்டிலிருந்து வந்த குடும்பங்கள் மண்வெட்டி, மாடு, கோயில் எல்லாவற்றையும் கொண்டுவந்தன. இணுவில் ஆஸ்பத்திரியைக் கொண்டுவர முடியவில்லை. அதற்குப் பதிலாகச் சைக்கிளில் வந்தவர் மிஸ். அவருடைய பையில் குழல்.

அந்த ஏற்பாடு செய்த வேலையை எண்ணில் சொல்வதானால் இப்படி: 1950இல் இலங்கையில் ஒரு லட்சம் உயிர்ப்பிறப்புக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாய்மார் இறந்தார்கள். இன்று முப்பதளவில். சகாராவுக்குத் தெற்கேயுள்ள ஆபிரிக்காவில் உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கு ஐந்நூறைத் தாண்டுகிறது. எழுபது வருடத்துக்கு முந்திய எங்கள் கணக்கு அது. அங்கே நல்ல மிஷன் ஆஸ்பத்திரிகள் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. பல நாடுகளில் கிராமத்து மருத்துவத்தில் பெரும் பங்கை இன்றும் தேவாலயங்களின் ஆஸ்பத்திரிகளே தாங்குகின்றன. இல்லாமல் இருப்பது ஒவ்வொரு ஒழுங்கைக்கும் சம்பளத்தோடு ஒரு மிஸ். மிஷன் நல்ல விதைநெல். வயல் முழுதும் விதைக்க அரசாங்கத்தால்தான் முடியும். இணுவிலைப் புகழ்கிற வாய் இதையும் சொல்லவேண்டும்.

பிறகு அரசாங்கமே பாதையை அடைத்த காலம் வந்தது.

போர் நடந்துகொண்டிருக்க, 1990இலிருந்து வடக்குக்குப் பொருளாதாரத் தடை. சீமெந்து, எரிபொருள், உரம், மருந்து என்று நீண்ட பட்டியலில் பற்றரியும் ஒன்று. ரோச்சுக்குப் போடுகிற சாதாரணப் பற்றரி. சனம் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி போட்டு, சொட்டு மண்ணெண்ணெயில் பிள்ளைகள் படித்தார்கள். வெளியுலகத்தில் அந்த நேரம் டொப்ளர் என்ற கைக்கருவி குழலைப் பதவி இறக்கிக்கொண்டிருந்தது. வயிற்றில் வைத்தால் பிள்ளையின் துடிப்பை எல்லோருக்கும் கேட்கச் சத்தமாகச் சொல்லும் பெட்டி அது. அழகான சாமான், ஆனால் பற்றரி வேண்டும். வன்னியில் பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். குழலுக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு காதும், எண்ணத் தெரிந்த ஒரு மனமும் போதும். காதைத் தடைசெய்ய எந்த வர்த்தமானியாலும் முடியவில்லை.

1995 ஐப்பசியில் இராணுவம் நெருங்க, வலிகாமம் ஒரே இரவில் எழும்பி நடந்தது. பலர் கிளாலிக் கடலேரி தாண்டி வன்னிக்கு வந்தார்கள். 1996இல் கிளிநொச்சியும் இராணுவத்திடம் விழ, மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டு மேற்கே திரும்பினால் வருகிற மல்லாவி, ஒரு சின்னக் கடைத்தெருவாக இருந்தது போய், இடம்பெயர்ந்த சனத்தின் நகரமானது. மரத்துக்கு மரம் தரப்பாள். இணுவிலில் பிறந்த பெண்கள் மல்லாவியில் பிள்ளை பெற்றார்கள். அந்தக் காலத்து மல்லாவி ஆஸ்பத்திரியில் எம்.எஸ்.எப். என்று சனம் சொல்கிற எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் வெளிநாட்டு டொக்டர்மார் உள்ளூர் ஆட்களோடு சேர்ந்து வேலை செய்தார்கள். சிலுவை போடாத மிஷன் என்று அவர்களைச் சொல்லலாம். அந்த அமைப்பு 1971இல் தொடங்கிய இடமும் பரிஸ்தான். குழல் பிறந்த ஊர். குழல் முதலில் வந்து காத்திருக்க, சொந்த ஊர்க்காரர் பிந்தி மல்லாவிக்கு வந்து சேர்ந்தார்கள்.

செல் சத்தத்துக்கு நடுவில் இந்தக் குழலால் கேட்பது லேசான வேலை அல்ல. சத்தம் அடங்கும் வரை பார்த்திருந்து, அடங்கிய கையோடு காதை வைக்கவேண்டும். எண்ணிக்கொண்டிருக்கும்போது மறுபடி விழுந்தால் முதலிலிருந்து எண்ணவேண்டும். இதைத் தெரிந்தவர்கள் மல்லாவியில் நிறையப் பேர் உண்டு.

2008 புரட்டாசியில் தொண்டு நிறுவனங்கள் வன்னியை விட்டு வெளியேறவேண்டும் என்று உத்தரவு வந்தது. அந்த மாதத் தொடக்கத்திலேயே மல்லாவி இராணுவத்தின் கைக்கு மாறிவிட்டது. சனம் கிழக்கே நகர, ஆஸ்பத்திரிகளும் கட்டில், மருந்துப் பெட்டியோடு நகர்ந்தன, பள்ளிக்கூடக் கட்டிடங்களுக்கு, பிறகு தரப்பாளுக்கு. 2009 மாசியிலிருந்து செஞ்சிலுவைக் கப்பல் புதுமாத்தளன் கரையிலிருந்து காயக்காரரை ஏற்றியது. அந்தக் கடைசி மாதங்களிலும் பிள்ளைகள் பிறந்தன. அவர்கள் இப்போது வளர்ந்துவிட்டார்கள். அதைப் பற்றி எழுத வேண்டியவர்கள் அங்கே நின்றவர்கள். நான் இந்த இடத்தை இப்படியே விட்டுவிடுகிறேன்.

2009 கடைசியிலிருந்து மல்லாவி இருக்கிற துணுக்காய்ப் பக்கம் சனம் திரும்பியது. மல்லாவியில் இப்போது இருப்பது ஆதார வைத்தியசாலை. மின்சாரம் இருக்கிறது, டொப்ளர் இருக்கிறது. சிக்கலென்றால் அம்புலன்ஸ் மாங்குளம் சந்திக்கு வந்து கிளிநொச்சிக்குத் திரும்பலாம், முல்லைத்தீவுக்குத் திரும்பலாம். குழலின் கதை முடிந்தது என்று நினைக்கிற நேரத்தில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. பங்குனி முடிவில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோலுக்கு நாள்கணக்கில் வரிசை. நாடு முழுவதும், கொழும்பு உட்பட, கொஞ்சநாள் வன்னி மாதிரி இருந்து பார்த்தது. மிஸ்மாரின் பையில் கிடந்த குழலுக்குப் பற்றரி தேடவேண்டி வரவில்லை.

ஏழைகளின் மிச்சக் கருவி என்று இதை நினைத்துவிடவும் வேண்டாம். ஆரோக்கியமான தாய்க்குப் பேறு நேரத்தில் பிள்ளையின் துடிப்பை இடைக்கிடை கேட்க டொப்ளரோ குழலோ எது என்றாலும் சரி என்றே உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கடதாசியில் ஓயாமல் கோடு கீறுகிற இயந்திரத்தை அப்படிப்பட்ட தாய்மார் எல்லோருக்கும் கட்ட வேண்டாம் என்பதும் அதன் வழிகாட்டல். கட்டினால் தேவையில்லாமல் வயிறு கீறுவது கூடுகிறது. உகண்டாவில் 2012இல் மக்கரேரே பல்கலைக்கழக மாணவர்கள் இதே குழலுக்குள் ஒரு மைக்கை வைத்துக் கைத்தொலைபேசியோடு பொருத்திப் பார்த்தார்கள். அதற்கு வின்செங்கா என்று பெயர். செங்கா என்றால் அவர்கள் பாஷையில் தகப்பனுடைய சகோதரி, பெட்டைகளுக்குக் குடும்ப வாழ்க்கையைச் சொல்லிக்கொடுக்கிற ஆள். எங்கள் ஊர்ப் பேச்சில் மாமி. கருவிக்கு மாமி என்று பெயர் வைத்தவர்களுக்குப் பேற்றறை எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது.

கிறீன் 1873இல் யாழ்ப்பாணத்தை விட்டுப் போய் 1884இல் வூஸ்டரில் இறந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியன் என்று கல்லறையில் எழுதச் சொல்லியிருந்தார், எழுதியிருக்கிறார்கள். மானிப்பாயில் ஆஸ்பத்திரி அவர் பெயரைத் தாங்குகிறது. நல்லது. மல்லாவிப் பக்கத்து ஒழுங்கைகளில் முப்பது வருடம் சைக்கிள் மிதித்த மிஸ்மாருக்குக் கல் இல்லை, பெயர்ப்பலகை இல்லை. பலர் ஓய்வுபெற்று வீட்டில் இருக்கிறார்கள். சிலருடைய அலுமாரியில், கல்யாணச் சேலைக்குக் கீழே, விளிம்பு தேய்ந்த ஒரு குழல் கிடக்கலாம். இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் அப்படி ஒன்று இருந்தால் பழைய சாமானோடு போடாதீர்கள். ஒரு துண்டுக் கடதாசியில் அவருடைய பெயர், வேலை பார்த்த ஊர்கள், ஆண்டுகளை எழுதி அதன் உள்வாயில் ஒட்டிவிடுங்கள். அவர் கதைக்கக்கூடிய நிலையில் இருந்தால், முதலில் பக்கத்தில் இருந்து கேளுங்கள்.